பின்பலகை

பெட்டி ஒரு சாண் குறைந்துவிட்டது.

தலைமாட்டில் இரண்டு பேர், கால்மாட்டில் இரண்டு பேராக உடம்பைத் தூக்கிப் பெட்டிக்குள் இறக்கினார்கள். தலை படிந்தது, தோள் படிந்தது, இடுப்பும் படிந்தது. கணுக்கால் இரண்டும் மட்டும் கால்பக்கத்துப் பலகையின் விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டன. மறுபடியும் தூக்கி, தலையை மேல்பலகையோடு ஒட்டவைத்துப் பார்த்தார்கள். பாதங்கள் அப்போதும் வெளியேதான் நின்றன.

பெட்டி செய்த ஆண்டி ஆசாரி தலையில் அடித்துக்கொண்டார். ஏர் செய்வார், வண்டி செய்வார், கட்டிலுக்குக் கால் கடைவார். சவப்பெட்டி அவர் கைக்குப் புதிது. டாக்டர் கையை விரித்துவிட்டுப் போன அன்றைக்கே அவரிடம் சொல்லிவைத்துவிட்டார்கள்.

“உசுரோட கெடக்கற மனுசனக் கயிறு போட்டு அளக்க எனக்கு மனசு வருமுங்களா?” என்றார் எல்லோரையும் பார்த்து. “வாசப்படியில நின்னு கண்ணாலதான் பாத்தேன். குளுரு காச்சல்ல மொழங்காலக் கட்டிக்கிட்டுச் சுருண்டு கெடந்தாருங்க. அந்த அளவுக்கு அறுத்துப்போட்டேன். நீட்டிப் படுத்தா இத்தன ஒசரமுங்கறதே மறந்துபோச்சுங்க.”

சேலத்திலிருந்து வந்திருந்த பாதிரியார் வெயில் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். பொழுது சாய்வதற்குள் அடக்கம் முடிய வேண்டும். வேறு பலகை வேண்டுமென்றால் டவுனுக்குத்தான் ஆள் போக வேண்டும். யுத்தகாலத்தில் டவுனிலும் பலகை கிடைக்கும் என்று நிச்சயமில்லை. இந்தப் பெட்டியில் அடித்திருந்த ஆணிகளே பழைய கதவுகளில் பிடுங்கி நிமிர்த்தியவை.

“மொழங்கால மடக்கி வெச்சரலாமுங்க,” என்றான் தூக்கியவர்களில் ஒருவனான மாதையன். “வெறச்சுப் போச்சு. கொஞ்சம் அமுத்துனா மடங்கீரும். மேல துணியப் போட்டுட்டா ஒண்ணும் தெரியாதுங்க.”

“மடக்காதீங்க!”

சத்தம் புளியமரத்தடியிலிருந்து வந்தது. அங்கே ஒரு மாட்டுவண்டி நின்றுகொண்டிருந்தது. மத்தியானத்திலிருந்தே நிற்கிறது. பக்கத்தில் தலைப்பாகை கட்டிய ஒரு குடியானவர் நின்றிருந்தார். மலைப்பாதைக்குப் போகிற வண்டிகள் அந்த நிழலில் மாட்டை ஆற்றிக்கொள்வது வழக்கம் என்பதால் யாரும் அவரைக் கவனிக்கவில்லை. இப்போது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அந்தக் கால மட்டும் மடக்காதீங்க,” என்றார் அவர். இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது.

“நீங்க யாருங்க?” என்று பாதிரியார் கேட்டார்.

வாயைத் திறந்த பிறகுதான் ராசப்பனுக்குத் தான் செய்த காரியம் தெரிந்தது. தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, அடக்கம் முடிந்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட வேண்டும் என்றுதான் வந்திருந்தான். இத்தனை கண்களுக்கு நடுவில் இனி வேறு என்ன சொல்ல முடியும்?

“அவருக்குத் தம்பிங்க நானு,” என்றான். “கூடப் பொறந்தவன்.”

பதினைந்து வருடத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை. அன்று காலையில்கூட மாற்றித்தான் சொல்லியிருந்தான். மல்லசமுத்திரத்திலிருந்து கடலைக்காய் மூட்டைகளை ஏற்றிவந்து செவ்வாய்ப்பேட்டையில் இறக்கிக்கொண்டிருந்தபோது, பழகிய தரகர் ஒருவர் வந்து, “ஏனுங்க கவுண்டரே, உங்க அண்ணன் ஓட்டக்காரரு போயிட்டாராமே?” என்று கேட்டார். “எனக்கு அண்ணன் இல்லீங்களே,” என்று ராசப்பன் பதில் சொன்னான். கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி நாக்கு அதற்குப் பழகியிருந்தது. தரகர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மூட்டை இறக்கி முடிந்து வண்டி கட்டியபோது மாடுகள் வழக்கம்போல் தெற்கே திரும்பின. ராசப்பன் கயிற்றை இழுத்து அவற்றை வடக்கே திருப்பினான்.

கூட்டம் விலகி வழிவிட்டது. அவன் பெட்டியருகே போனான்.

முகத்தைப் பார்க்கத்தான் போனான். ஆனால் கண் பாதத்தில் போய் நின்றது. குதிகாலெல்லாம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வலது கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் அந்தப் பழைய தழும்பு அப்படியே இருந்தது. சின்ன வயதில் ஏர்க்கொழு பட்டது. தகப்பனார் சின்னண்ணக் கவுண்டர் அன்றைக்குப் பதறிக்கொண்டு மஞ்சளை அரைத்துப் பூசிக் கட்டினார். பந்தயங்களுக்கு முந்தின நாளெல்லாம் இந்தப் பாதங்களுக்கு விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டவன் ராசப்பன்தான். ‘போதுண்டா, வழுக்கி உழுந்தர்றேன்’ என்று அண்ணன் சிரிப்பான்.

“ஒரு சாண்தான கொறையுது? எங்க வண்டிப் பலகை இருக்குதுங்க,” என்றான் ஆசாரியிடம்.

மூட்டை பின்னால் சரிந்துவிடாமல் அடைத்திருந்த பலகை அது. சொந்தக் காட்டு வாகையில் அறுத்தது; இரண்டு விரல் கனம். ஆசாரி வண்டியைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்தார். “நல்ல வண்டிங்க. இத ஒடைக்கோணுங்களா?” என்று கேட்டார். ராசப்பன் உளியை வாங்கி முதல் ஆணியை அவனே நெம்பினான்.

அந்தப் பலகைக்கும் அண்ணன் செங்கோடனுக்கும் ஒரு பழக்கம் உண்டு. செங்கோடனுக்கு எட்டு வயது இருக்கும்போது சந்தைக்குப் போகும் வண்டியில் ஏறி உட்கார மாட்டான். பின்பலகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வருவான். சின்னண்ணக் கவுண்டருக்கு அது வேடிக்கை. பையன் விட்டுவிடுகிறானா பார்ப்போம் என்று மாட்டை விரட்டுவார். பையன் விடமாட்டான். பின்னால் சேலத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது பத்திரம் படிக்கவும் தாசில்தாரோடு பேசவும் கற்றுக்கொள்வதற்காக. அவன் கற்றுக்கொண்டது ஓடுவதற்கு. ஜில்லாப் பந்தயத்தில் மூன்று வருடம் மைல் ஓட்டத்தில் அவனை முந்த ஆளில்லை. பட்டணத்தில் ஆணி வைத்த பூட்ஸ் போட்டு ஓடிய வெள்ளைக்காரச் சிப்பாயை வெறுங்காலோடு ஓடி ஜெயித்தான். பத்திரிகையில் படம் வந்தது. சேலம் ரயிலடியில் மேளம் வைத்து இறக்கினார்கள். ஒரு முதலாளி ‘செங்கோடன் பீடி’ என்று ஓடுகிற படம் போட்டுக் கட்டு கட்டாக விற்றார். பீடிப் புகை பட்டாலே இருமுகிறவன் படத்தைப் பார்த்து ஜில்லா முழுக்கப் புகை விட்டது. சின்னண்ணக் கவுண்டர் பீடி தொடாதவர். அவர் ஒரு கட்டு வாங்கி, பற்றவைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் அது மடியிலேயே தூளாகிப் போனது.

அப்புறம் சீமைக்குப் போய் ஓட வேண்டும் என்று கடிதாசி வந்தது. கப்பலுக்கு நான்கு மாதம் இருந்தது. மூச்சுப் பழகுவதற்காகச் செங்கோடன் தினமும் கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு வந்து மலைப்பாதையில் ஏறி இறங்கினான். அந்தப் பாதைக்குப் போகிற வழியில்தான் இந்தக் குடிசைகள் இருந்தன.

ஆசாரி அறுக்கத் தொடங்கினார். வாகை சீக்கிரத்தில் இடம் கொடுக்கவில்லை. ராசப்பன் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உடம்புக்குக் காவலாக உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி எழுந்து குடிசைக்குள் போய்விட்டு வந்து, அவனுக்குக் கொஞ்ச தூரத்தில் தயங்கி நின்றாள்.

“தண்ணி கொண்டாந்தேன் சாமி. எங்க கையில குடிப்பீங்களோ என்னமோ.”

அவள் கையில் இருந்தது ஒரு வெள்ளிக் கோப்பை. இரண்டு பக்கமும் காது வைத்தது. ஒரு காது ஒடிந்து ஈயம் பற்றவைத்திருந்தது. வயிற்றில் இங்கிலீஷில் வெட்டிய எழுத்துகள் தேய்ந்து கிடந்தன. பட்டணத்தில் அண்ணன் துரை கையால் வாங்கிய கோப்பை. ஊருக்கு ஒரே ஒரு தடவை கொண்டுவந்து காட்டினான். இதில் என்ன ஊற்றிக் குடிப்பார்கள் என்று ஊரே கூடி நின்று கேட்டது.

“காச்சக்காரங்களுக்குக் கஞ்சி ஊத்தற கோப்பைங்க,” என்றாள் அவள். “ரெண்டு காது இருக்கறதால கை நடுங்குனாலும் புடிச்சுக்கலாமுன்னு சொல்லுவாருங்க.”

ராசப்பன் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினான். அவன் வீட்டு மனிதர்கள் யாரும் இந்த மாதிரிக் குடிசையில் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அவன் ஒரே மூச்சில் குடித்தான். இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்றும் கேட்டான்.

அவள் பெயர் ஆராயி. பதினாறு வருடத்துக்கு முன்னால் பிரசவத்தில் கஷ்டப்பட்டுக் கிடந்தபோது மலையிலிருந்து இறங்கி ஓடிவந்த யாரோ ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் அழுகைச் சத்தம் கேட்டு நின்றானாம். என்னவென்று கேட்டானாம். கேட்டவன் பதில் முடியும்வரைக்கும் நிற்கவில்லை, அப்படியே திரும்பி டவுனுக்கு ஓடினான் என்றாள். டாக்டரின் குதிரை வண்டிக்கு முன்னால் அவனும் ஓடிவந்து சேர்ந்தான்.

“என்ற உசுரு அவரு ஓடி வாங்கியாந்த உசுருங்க. இந்தா நிக்கறாங்களே, பாதிப் பேரு அப்புடித்தான். நாலு நாளைக்கு முந்தி வரைக்கும் ஓடுனாருங்க. அவரு நடந்து நாங்க பாத்ததில்ல.”

ராசப்பனுக்குப் பெருமையாக இருந்தது. செத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு பெருமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

கப்பலுக்குப் போக மாட்டேன் என்று அண்ணன் எழுதிப்போட்ட பிறகு, ராசப்பன் ஒருநாள் யாருக்கும் தெரியாமல் இங்கே வந்து கேட்டிருக்கிறான். ஏனுங்கண்ணா இப்புடிப் பண்ணுனீங்க? செங்கோடன் அப்போது யாருடைய கூரைக்கோ மேலே உட்கார்ந்து ஓலை வேய்ந்துகொண்டிருந்தான். ‘அங்க ஓடறதுக்கு நூறு பேரு இருக்கறாங்கடா தம்பி. இங்க டாக்டரக் கூப்புட ஓடறதுக்கு ஒருத்தனுமில்ல’ என்றான். ‘ஓடலாமுங்க, அதுக்குக் கிறிஸ்து வேதத்துல எதுக்குச் சேரோணும்?’ என்று இவன் விடவில்லை. செங்கோடன் கூரையிலிருந்து இறங்கி வந்து இவன் தோளில் கை வைத்தான். ‘யாருக்காவ ஓடறன்னு தெரிஞ்சுக்கிட்டேன்டா. தெரிஞ்ச பொறவு தெரியாத மாதிரி இருக்க முடியில’ என்றான்.

ஏரியில் வைத்து அண்ணனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி மல்லசமுத்திரத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. “உங்க பையன் ஞாயித்துக்கெழம முழுக்கு வாங்கறானாம்,” என்றான் செய்தி கொண்டுவந்தவன். சின்னண்ணக் கவுண்டர் களத்தில் நின்று கேட்டார்.

“முழுகட்டும்,” என்றார். “நாமளும் முழுகிக்குவோம்.”

அதே ஞாயிற்றுக்கிழமை பங்காளிகளையெல்லாம் கிணற்றடிக்குக் கூட்டிவந்து, செத்தவனுக்குச் செய்கிற மாதிரி ஒரு குடத்தை உடைத்து, உயிரோடு இருக்கிற மகனுக்குத் தலைமுழுகினார். அங்கே அவன் முழுகினான். இங்கே இவர்கள் முழுகினார்கள். பதினெட்டு வயது ராசப்பன் மாட்டேன் என்று ஓடப்பார்த்தான். அவனைப் பிடித்துக் கல்லில் உட்காரவைத்துத் தகப்பனாரே தலையில் ஊற்றினார். ஈரத்தோடு நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “முழுகுனது முழுகுனதுதான். இனி அவன் பேரு இந்த ஊட்டுல வரப்படாது. நாளைக்கு நெசமா செத்தாலும் யாரும் போவப்படாது, தலைக்குத் தண்ணி வாத்துக்கப்படாது. ஒருத்தனுக்கு ஒருக்காத்தான் முழுகறது.”

ஏழு வருடம் கழித்து அம்மா இறந்தபோது, செத்தவன் எழவுக்கு வருவதில்லை என்று தகப்பனார் அவனுக்குச் சொல்லி அனுப்பினார். செங்கோடன் வந்தான். ஆனால் கிட்டே வரவில்லை. மூத்தவன் வைக்க வேண்டிய கொள்ளியை வைத்துவிட்டு ராசப்பன் நிமிர்ந்தபோது ஏரிக்கரைமேல் ஓர் உயரமான ஆள் தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தான். எரிந்து முடிகிறவரைக்கும் நின்றான். சின்னண்ணக் கவுண்டரும் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இன்றைக்குப் புளியமரத்தடியில் நின்றபோது, அன்று அண்ணன் நின்ற தூரத்தில் நானும் நின்றுவிட்டுப் போகிறேன் என்றுதான் ராசப்பன் நினைத்திருந்தான்.

கால்பலகையைக் கழற்றி, வாகைத் துண்டுகளை நான்கு பக்கமும் கொடுத்து, ஆசாரி பெட்டியை ஒரு சாண் நீட்டிவிட்டார். புதுப்பலகைக்கு நடுவில் அந்தத் துண்டு மட்டும் வண்டி மசகும் வெயிலும் ஏறிக் கறுத்திருந்தது. “ஒட்டுப்போட்டாப்புல தெரியுதுங்களே,” என்று அவர் வருத்தப்பட்டார்.

“இருக்கட்டுமுங்க,” என்றான் ராசப்பன். “கொஞ்சம் வெளக்கெண்ண இருக்குதுங்களா?”

ஆராயி விளக்கிலிருந்ததை ஊற்றிக்கொண்டு வந்தாள். மண்ணெண்ணெய் கிடைக்காமல் அந்தக் குடிசைகளில் அப்போது விளக்கெண்ணெய்தான் எரிந்தது. அதைக் கையில் ஊற்றிக்கொண்டு ராசப்பன் அண்ணனின் இரண்டு பாதங்களுக்கும் தேய்த்தான். வெடிப்புகளுக்குள் விரலை விட்டுத் தேய்த்தான். அவன் முடிக்கும்வரை யாரும் அவசரப்படுத்தவில்லை. பாதிரியார்கூட வெயிலைப் பார்க்கவில்லை. பிறகு நான்கு பேர் தூக்கிப் படுக்கவைத்தார்கள். கால் நீட்டமாகப் படிந்தது.

கல்லறைக்குப் பெண்களும் வந்தது ராசப்பனுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஓமலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், மலைமேலிருந்து இறங்கி வந்தவர்கள் என்று கூட்டம் பெருகிக்கொண்டே போனது. பீடிக்கட்டில் படம் வந்த ஓட்டக்காரனுக்காக வந்தவர்கள் அதில் ஒருவர்கூட இல்லை. பாட்டுப் பாடினார்கள். பாதிரியார் ஜெபம் பண்ணினார். ஜெபத்தின் நடுவில், “உம்முடைய ஊழியக்காரனாகிய செங்கோடன்” என்றார்.

ராசப்பன் தலையைத் தூக்கினான். வேதத்தில் சேர்ந்ததும் பேரையும் மாற்றிக்கொண்டான் என்றுதான் ஊரில் எல்லோரும் சொன்னார்கள். யோவான் என்றார்கள், யாக்கோபு என்றார்கள். தகப்பனாருக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் நெஞ்சில் தைத்திருந்தது. திருச்செங்கோட்டு மலையேறி வேண்டிப் பெற்று வைத்த பெயர்.

“கூடப் பொறந்தவரு மொதல்ல மண் போடுங்க,” என்றார் பாதிரியார்.

மூன்று பிடி போட்டான். முதல் பிடி வாகைப் பலகைமேல் விழுந்து சத்தமிட்டது. அடக்கம் முடிந்ததும் பாதிரியாரிடம் பெயரைப் பற்றிக் கேட்டான். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வண்டி கட்டினான்.

வண்டியில் உட்கார்ந்த பிறகுதான் பயம் வந்தது. அடக்கத்துக்குப் போனவன் தண்ணீர் வார்த்துக்கொள்ளாமல் வீட்டுக்குள் நுழைய முடியாது. அப்பா இருக்கும்போது அந்தக் கிணற்றடியில் தண்ணீர் வார்த்துக்கொண்டால், அவர் பதினைந்து வருடத்துக்கு முன்னால் செய்தது பொய் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வதாகும். எழுபது வயது மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருப்பதற்கும் ஒரு வழி இருந்தது. போகிற பாதையில் எத்தனையோ குட்டைகள். ஒன்றில் இறங்கி முழுகிவிட்டு, துணி காய்ந்ததும் சந்தையிலிருந்து வருகிறவனாக வீட்டுக்குள் போய்விடலாம். பலகை எங்கே என்று கேட்டால், உடைந்துவிட்டது என்றால் போயிற்று.

விடிகிற நேரத்தில் ஊருக்கு ஒரு மைல் முன்னால் ஒரு குட்டையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வண்டியை நிறுத்தினான். இறங்கி முழங்கால் தண்ணீர்வரைக்கும் போனான். குனிந்து கைகளைத் தண்ணீருக்குக் கொண்டுபோனான். உள்ளங்கையில் விளக்கெண்ணெய் இன்னும் பிசுபிசுத்தது. ‘எனக்கு அண்ணன் இல்லீங்களே’ என்று முந்தின நாள் காலையில் தான் சொன்னது அப்படியே காதில் கேட்டது. குனிந்தவன் நிமிர்ந்துகொண்டான். கையைக்கூடக் கழுவாமல் கரையேறினான்.

வெயில் வந்த பிறகு வண்டி அவர்களுடைய சொந்தக் காட்டுக்குள் நுழைந்தது. சின்னண்ணக் கவுண்டர் களத்தில் உட்கார்ந்து ஆமணக்குக் காய்களை உரித்துக்கொண்டிருந்தார். முத்து ஒரு கூடையில், உரித்த தோடு ஒரு கூடையில். வண்டி அவரைத் தாண்டிப்போய்த் திரும்பி நின்றது.

“பின்பலகை எங்கடா?”

ராசப்பன் மாட்டை அவிழ்க்காமல் நின்றான்.

“அண்ணனுக்குப் பெட்டி பத்திலீங்கய்யா,” என்றான். “ஒரு சாண் கொறஞ்சுது.”

கிழவர் கை நிற்கவில்லை. இன்னொரு காயை எடுத்து உரித்தார். அதற்கடுத்த காயையும் உரித்தார். முத்தைத் தோட்டுக் கூடையில் போட்டார், தோட்டை முத்துக் கூடையில் போட்டார்.

“எப்ப?”

“நேத்துக் காலம்பறங்க. குளுரு காச்சலு. நாலே நாளுங்களாம்.”

“போயிருந்தயா?”

“போயிருந்தனுங்க. மண்ணும் போட்டனுங்க.”

வசவு வரும் என்று ராசப்பன் காத்திருந்தான். வந்தால் வாங்கிக்கொள்ளலாம். வராமல் இருப்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

“என்ன பேரச் சொல்லிப் பொதச்சாங்க?” என்று அவர் கேட்டார். கேட்டது ஆமணக்கைப் பார்த்து.

“செங்கோடன்னுதானுங்க. பேர மாத்திக்கவே இல்லீங்களாமா. முழுக்குக் குடுக்கறப்ப வேற பேரு வெக்கலாமான்னு கேட்டிருக்கறாங்க. எங்கய்யன் வெச்ச பேரு இருக்குது, அதுவே போதுமுன்னு சொல்லீட்டாராமுங்க.”

மாடுகள் தலையை ஆட்டின. கழுத்துச் சலங்கை கொஞ்ச நேரம் ஒலித்து நின்றது. ராசப்பன் நுகத்தடியிலிருந்து அவற்றை அவிழ்த்துக் கட்டினான். தலைப்பாகையை அவிழ்த்து வண்டிமேல் போட்டான்.

“நா தண்ணி வாத்துக்கப் போறனுங்கய்யா,” என்றான். சத்தமாகத்தான் சொன்னான்.

பதிலுக்கு நிற்காமல் கிணற்றடிக்குப் போனான். மாடு கட்டிக் கவலையிறைத்த தண்ணீர் தொட்டியில் நிறையக் கிடந்தது. பக்கத்தில் அதே கல். குடத்தை முக்கி எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டான். காலைத் தண்ணீர் சில்லென்று இறங்கியது. அதற்கப்புறம்தான் அவனுக்கு அழுகை வந்தது. தண்ணீரோடு தண்ணீராகப் போகட்டும் என்று இரண்டு குடம், மூன்று குடம் என்று ஊற்றிக்கொண்டே இருந்தான்.

பின்னால் தடி ஊன்றும் சத்தம் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். சின்னண்ணக் கவுண்டர் தடியைத் தொட்டியில் சாய்த்துவைத்தார். தலைத்துண்டை அவிழ்த்துத் தடிமேல் போட்டார். கல்லைக் கையால் தடவிப் பார்த்து மெதுவாக உட்கார்ந்தார்.

“அந்தப் பலகையப் புடிச்சுக்கிட்டுத்தான ஓடுவான்,” என்றார்.

“ஆமாங்கய்யா.”

“நா எத்தன வெரட்டுனாலும் உடமாட்டான்.”

ராசப்பன் குடத்தோடு நின்றான்.

“வாத்து உடுடா,” என்றார் கிழவர், தலையைக் குனிந்துகொண்டே.

ராசப்பன் ஊற்றினான். வெள்ளை முடி நெற்றியில் ஒட்டிக்கொண்டது. கிழவர் கையைத் தூக்கித் தேய்த்துக்கொள்ளவில்லை, முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. குடம் தீர்ந்த பிறகும் குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது. ராசப்பன் குடத்தை மறுபடியும் தொட்டியில் முக்கினான்.